நாச்சிமுத்து அண்ணனின் பாஸ் மார்க்

நாச்சிமுத்து அண்ணனுக்கு இருபத்தெட்டு மார்க் என்று முதலில் சொன்னது நான் இல்லை. இரண்டாவதாகச் சொன்னது வேண்டுமானால் நானாக இருக்கலாம். முதலில் சொன்னது அவருடைய சம்சாரம் சாந்தாமணி அக்கா. என்னிடம்தான் சொன்னார். இந்த வனஜாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது மொட்டைமாடி வரைக்கும் போகும் என்பது சோலை என்க்ளேவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதானே சொன்னார்?

சோலை என்க்ளேவ் என்பது சிங்காநல்லூரில் எங்கள் அடுக்குமாடி. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மூன்றாம் மாடியில் நான் வைத்திருக்கும் கற்பூரவல்லித் தொட்டியைத் தவிர அங்கே மரம் செடி எதுவும் கிடையாது.

மார்க் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஈரல் மொத்தமாகப் படுத்துவிட்டவர்களுக்கு இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் மேல்கையில் ஒரு வில்லையை ஒட்டிவிடுகிறார்கள். அது அவ்வப்போது ஒரு துளி ரத்தத்தை உறிஞ்சி, அதில் என்னென்னவோ பார்த்து, இந்த ஆள் தேறுவாரா மாட்டாரா என்று நூற்றுக்கு ஒரு எண் போடும். எண், கட்டில் தலைமாட்டுத் திரையில் சிவப்பாக எரியும். கருவிக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருக்கிறது. நாங்கள் மீட்டர் என்போம். அது போடும் எண்ணை மார்க் என்போம். முப்பத்தைந்து பாஸ். வேறு எப்படிச் சொல்வது? நம் ஊரில் நூற்றுக்கு எதைப் போட்டாலும் அது பரீட்சைதான். ஆஸ்பத்திரி கேன்டீன் வரிசையில் நின்றால் காதில் விழும்: "உங்க மாமனார் எத்தனைங்க?" "நாப்பத்தொண்ணுங்க. போன வாரம் அம்பது வாங்கினாரு. இப்ப கவனம் பத்தல."

நாச்சிமுத்து அண்ணனுக்குக் கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, ஆளைத் தூக்கிக்கொண்டு போனபோது, குடித்துக் கெடுத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு வந்தது. யார் கிளப்பினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். பாவம், அந்த மனிதர் சிறுவாணித் தண்ணீர் தவிர வேறொன்றும் குடித்ததில்லை. நடந்தது என்னவென்றால், ஈரலைச் சுத்தப்படுத்தும் என்று ஃபோனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு பச்சைப் பொடி வரவழைத்து மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் சாப்பிட்டிருக்கிறார். அதுவும் சொன்ன சொல் தவறாமல் ஈரலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. இத்தனைக்கும் பம்ப்செட் கம்பெனியில் குவாலிட்டி கண்ட்ரோலில் இருந்து ரிட்டையர் ஆனவர். உலகத்தில் அவர் சோதிக்காமல் விட்ட ஒரே சரக்கு அந்தப் பொடிதான்.

மற்றபடி அவர் குவாலிட்டி கண்ட்ரோலை விட்டதே இல்லை. மோட்டார் போட்ட நேரம், லிஃப்ட் கதவு மூடும் சத்தம், வாசலில் கிடக்கும் செருப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வரை எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பார். முக்கியக் குற்றவாளி ஒருவரே: எங்கள் சங்கத் தலைவர், முதல் மாடி தெய்வசிகாமணி. நூல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர், சாது. குடியரசு தினத்தன்று கொடியேற்றி முடித்ததும் தலைவர் தேர்தல் நடக்கும். ஒவ்வொரு தடவையும் இந்த இரண்டு பேர்தான் நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் நாச்சிமுத்து அண்ணன் ஒரே ஓட்டில் தோற்பார்.

எங்கள் தேர்தல் முறையைச் சொல்லிவிட வேண்டும். வயது வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு துவரை, ஒரு கொள்ளு கொடுத்துவிடுவார்கள். துவரை நாச்சிமுத்து, கொள்ளு தெய்வசிகாமணி. துணி கட்டிய பித்தளைக் குடத்துக்குள் மூடிய கையை விட்டு ஒன்றைப் போட வேண்டியது, மற்றதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது. யார் எதைப் போட்டார்கள் என்று சாமிக்குத்தான் தெரியும். சாமிக்கும் எனக்கும். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்பது எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும். சமயம் வரும்போது சொல்கிறேன்.

நாங்கள் பார்க்கப் போன அன்றைக்கு டாக்டர் ஃபர்ஹானா வராந்தாவில் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். சின்னப் பெண். தூக்கமில்லாத கண். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். யார் என்று கேட்டார். தங்கச்சி என்றேன். ஆஸ்பத்திரியில் எல்லாரும் தங்கச்சிதான்.

"வேற ஈரல் வெச்சாத்தாம்மா பிழைப்பார்," என்றார் டாக்டர். "எந்நேரமும் ஒண்ணு வரலாம். ஆனா வர்ற நேரத்துல அவர் மார்க் முப்பத்தஞ்சுக்குக் குறையாம இருக்கணும். கீழ இருந்தா அடுத்தவருக்குப் போயிடும்."

"மோசமா இருக்கறவருக்குத்தானுங்க மொதல்ல குடுக்கோணும்?" என்று அக்கா கேட்டார். கேள்வி நியாயமான கேள்வி.

"முன்னே அப்படித்தான் இருந்துச்சு. ஒருத்தர் தானம் குடுத்த ஈரல், வெச்ச ஒரு வாரத்துல ஆளோட சேர்ந்து போயிட்டா ரெண்டு பக்கமும் நஷ்டம்னு ரூலை மாத்திட்டாங்க. இப்ப தாங்கக்கூடியவங்களுக்குத்தான்."

"தாங்குவார்னு அந்த வில்லைக்கு எப்படிங்க தெரியும்?" இது நான்.

டாக்டர் விரல்விட்டு எண்ணினார். "பித்தம் எவ்வளவு ஏறியிருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுது, உப்பு, கிட்னி, இதெல்லாம் பார்க்கும். அது எங்களுக்கும் புரியும். ஆனா ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு. லட்சக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து மீட்டர் தானா கண்டுபிடிச்சது. பிழைச்சவங்க ரத்தத்துல அது நிறைய இருந்துச்சாம். அது எதுக்குச் சுரக்குதுன்னு யாருக்கும் தெரியாதும்மா."

"டாக்டருக்கே தெரியாதுங்களா?"

"எனக்கும் தெரியாது, அதைச் செஞ்சவங்களுக்கும் தெரியாது. கணக்கு மட்டும் சரியா வருது."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே அண்ணன் மஞ்சள் பூசின மாதிரி படுத்திருந்தார். தலைமாட்டில் இருபத்தெட்டு. என்னைப் பார்த்து "வாம்மிணி" என்றார். குரலே எழும்பவில்லை. நான் கொண்டுபோன ஆரஞ்சைப் பார்த்துக் குற்றம்கூடச் சொல்லவில்லை. ஆள் கைவிட்டுப் போகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெய்வசிகாமணி உள்ளே வந்தார். கையில் சத்துமாவு டப்பா. கட்டில் ஓரமாக நின்று, "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் சென்சார் போட்டாச்சு. இனி நீங்க எந்திரிச்சு வந்து பாக்க வேண்டியதே இல்லைங்க," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"கமிட்டியில பேசித்தானுங்க..."

"நான் இல்லாத கமிட்டிங்களா? சம்ப்புல சகதி அடைச்சா உங்க சென்சார் என்னத்தைச் சொல்லும்? நீங்க ஒரு சர்வாதிகாரிங்க! உங்களுக்கு வெக்கமே இல்லீங்க!"

எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய சண்டையானாலும் 'ங்க' போடாமல் திட்டமாட்டோம். மரியாதை வேறு, ஆத்திரம் வேறு.

தெய்வசிகாமணி டப்பாவை வைத்துவிட்டு வெளியேறினார். நர்ஸ் வந்து எல்லாரையும் அதட்டினாள். நான் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வீட்டு ஜன்னலைப் பார்த்துப் பழகிய கண், சும்மா இருக்குமா? கொஞ்ச நேரத்தில் எண் மாறியது. முப்பத்துமூன்று.

"அக்கா," என்றேன், "அது என்ன புரதம்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அக்கா நம்பவில்லை. ரோஷத்தில் சுரக்கிற புரதம் என்று டாக்டரிடம் போய்ச் சொன்னதற்கு, அவர் சிரித்தார். சரி, சோதித்துப் பார்ப்போம் என்று மறுநாள் நானே போய், "அண்ணா, உங்களை மாதிரி மோசமான மனுசனை நான் பாத்ததில்லீங்க," என்று ஆரம்பித்தேன். அவர் பாவமாகப் பார்த்து, "ஆமாம்மிணி" என்றார். ஒரு மார்க் இறங்கிவிட்டது. போலிச் சண்டையை அந்த வில்லை ஒத்துக்கொள்ளவில்லை. நிஜமான அநியாயம் நடக்க வேண்டும். அதற்கு நிஜமான ஆத்திரம் வர வேண்டும்.

ஆக, அநியாயம் செய்ய ஆரம்பித்தோம். சங்கத்தில் கூட்டம் போட்டுத் தீர்மானமே நிறைவேற்றினோம். வருஷக்கணக்காக அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று எதிர்த்த பிஸ்தா பச்சையை மாடிப்படிச் சுவரெல்லாம் அடித்தோம். தெய்வசிகாமணி தன் காரைக் கொண்டுபோய் அண்ணன் இடத்தில் குறுக்காக நிறுத்தினார். மோட்டார் நேரத்தை மாற்றியதில் காலையில் குழாயில் காற்றுதான் வந்தது. ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் முகம் மட்டும் கழுவிக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து நான் கொண்டுபோய்க் காட்டுவேன். வயிற்றெரிச்சல் கிளப்புவது எனக்குக் கைவந்த வேலை. அதற்கு ஒரு சமூகப் பயன் இருக்கும் என்று அன்றுவரை தெரியாது.

அண்ணன் படுத்தபடியே கத்துவார். "பிஸ்தா பச்சையா? அது ஆஸ்பத்திரிக் கக்கூஸ் கலருங்க!" முப்பத்தாறு. பாஸ். காரின் படத்தைப் பார்த்ததும் முப்பத்தெட்டு. அக்கா திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தெய்வசிகாமணிதான் இளைத்துப் போனார். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் வராந்தாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார்.

"என்னால முடியலீங்க வனஜாம்மா. அந்த மனுசன் கையைப் பாத்தீங்களா, குச்சி மாதிரி ஆயிருச்சு. அவர்கிட்டப் போயி எப்படிங்க வம்பு பண்றது?"

"நீங்க வம்பு பண்ணாட்டி வேற யாருங்க பண்ணுவா? உங்களை நம்பித்தான் அவர் உசுரு இருக்குது."

"காரை எடுத்தரலாமுங்களா?"

"எடுத்தீங்கன்னா கொலைங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குறுக்காக நிறுத்துவதற்காக வீட்டுக்குப் போனார்.

பக்கத்துக் கட்டிலில் அமல்தாஸ் என்று ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். அவருக்கும் ஈரல்தான். முப்பத்தொன்றிலேயே நின்றுகொண்டிருந்தார். தங்கமான மனுஷன். ஊசி குத்துகிற நர்ஸுக்கு நன்றி சொல்வார். நாங்கள் இந்தக் கட்டிலில் போடும் கூத்துக்கெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாரே தவிர, ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் சம்சாரம் ஸ்டெல்லா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்க ஆளுக்கு எப்படிங்க மார்க் ஏறுது? சொன்னா நானும் செய்யறேன்."

சொன்னேன். அந்தம்மா முகம் வாடிப்போனது. "அவருக்குக் கோபமே வராதுங்க. கல்யாணமான புதுசுல ஒருக்கா சாம்பார்ல உப்புக்குப் பதிலா சக்கரையைப் போட்டுட்டேன். நல்லா இருக்குதுன்னு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாருங்க."

டாக்டர் ஃபர்ஹானாவிடம் போய்க் கேட்டேன். "ஏனுங்க, நல்ல மனுசன் ஃபெயிலு, வம்புக்காரர் பாஸுன்னா இது என்னங்க பரீட்சை?"

"மீட்டருக்கு நல்லவர் கெட்டவர் தெரியாதும்மா," என்றார். "யார் பிழைச்சாங்கன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும்." சொல்லிவிட்டு அமல்தாஸ் கட்டில் பக்கம் பார்த்தார். அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

அண்ணன் இப்படி நல்லபடியாகக் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் தாராபுரத்திலிருந்து ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்து இறங்கியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒருவர் சீரியஸாகப் படுத்துவிட்டால், அவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் எல்லாம் வந்து பேசிவிட வேண்டும். பகையோடு ஒரு ஆளை அனுப்பக் கூடாது. மனிதருக்கு நாலு சொந்தம் இருந்தால் நாற்பது பகை இருக்குமே! வேன் பிடித்து வந்தார்கள். முதல் ஆள் சாந்தாமணி அக்காவின் அண்ணன் ரத்தினசாமி. அண்ணன் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார்கள் என்று அன்றைக்கு எழுந்து போனவர், அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை.

"மாப்ள, நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்று கையைப் பிடித்து அழுதார்.

"இல்லீங்க மச்சான், மொதப் பந்தியில எடம் போட்டிருக்கோணும். தப்பு எம்மேலதான்," என்று அண்ணனும் அழுதார்.

எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். நான் மட்டும் திரையைப் பார்த்தேன். முப்பத்துநாலு.

"அக்கா! ஆளுகளைத் தடுங்க!" என்று கத்தினேன். தடுக்க முடியுமா? பெரியப்பா பையன், வரப்புத் தகராறு: சமாதானம். முப்பத்திரண்டு. பழைய பங்காளி, ஆட்டுக்கிடாய் விவகாரம்: சமாதானம். முப்பது. ஒவ்வொருவராக உள்ளே போய் மன்னிப்புக் கேட்டு, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் அண்ணன் தெய்வசிகாமணியையே கூப்பிட்டு அனுப்பினார்.

"கார் அங்கியே நிக்கட்டுமுங்க," என்றார் மெல்லிய குரலில். "எடம் என்னங்க எடம். போறப்ப எடத்தையா எடுத்துட்டுப் போறோம்? பிஸ்தா பச்சைகூட யோசிச்சுப் பாத்தா குளுமையாத்தான் இருக்குது."

தெய்வசிகாமணி "ஐயோ" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் ஃபர்ஹானா ஓடிவந்தார். ஈரல் கெட்டால் அம்மோனியா தலைக்கேறி ஆள் மாறிப்போவது உண்டாம். ரத்தம் எடுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "அம்மோனியா அப்படியேதான் இருக்கு. இது நிஜமான சாந்தம்."

இருபத்தொன்பது.

ஈரோட்டிலிருந்து செய்தி வந்ததும் அன்றைக்கே. ரோட்டில் அடிபட்ட ஒருவர் இனி எழமாட்டார் என்று ஆகி, அவர் வீட்டார் அழுதுகொண்டே சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். ஈரல் புறப்பட்டுவிட்டது. அண்ணனுக்கு ரத்த வகை பொருந்துகிறது. "வண்டி வந்து சேர்றப்ப மீட்டர் என்ன காட்டுதோ அதுதான் முடிவு," என்றார் டாக்டர். "முப்பத்தஞ்சு இல்லேன்னா அது மதுரைக்குப் போயிடும். என் கையில எதுவும் இல்லைம்மா."

அதற்குமேல் நாங்கள் செய்யாதது இல்லை. தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டு, அண்ணனின் பழைய ஸ்கூட்டரை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். "யாருக்காச்சும் ஒதவட்டுமுங்க," என்றார் அண்ணன். சங்கத்துக்கு இனி தேர்தலே கிடையாது, நானே நிரந்தரத் தலைவர் என்றார் தெய்வசிகாமணி. "உங்களை மாதிரி ஒரு தலைவர் கெடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கோணுமுங்க." நான் என் பங்குக்கு, குடிகாரர் என்று ஊரெல்லாம் பேசினதைச் சொன்னேன். "பேசறவங்க பேசிட்டுப் போறாங்கம்மிணி." இருபத்தேழு. ரத்தினசாமி மாமா மறுபடி கையைப் பிடிக்க வந்தார். வேனில் கொண்டுபோய் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம்.

நான் சாந்தாமணி அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

சமயம் வரும்போது சொல்கிறேன் என்றேனே, அது வந்துவிட்டது. ஆனால் சொல்ல வேண்டியது நான் இல்லை. இதை மட்டும் நான் வெளியே விட்டதில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அக்கா எனக்குக் கொடுத்த முருங்கைக்காய்க்கும் ஒப்புட்டுக்கும் அளவில்லை. அத்தனையும் வாய்க்கூலி.

"சொல்லீட்டா அப்பறம் என்ற மொகத்துலயே முழிக்கமாட்டாரு வனஜா," என்றார் அக்கா.

"முழிக்கிறதுக்கு ஆளு இருக்கோணுமல்லங்கக்கா."

அக்கா எழுந்து கட்டில் பக்கம் போனார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏனுங்க."

"சொல்லு சாந்தா."

"ஒவ்வொரு தேர்தல்லயும் நீங்க ஒரு ஓட்டுல தோத்தீங்களல்ல."

"அதெல்லாம் பழைய கதை. விடு."

"அந்த ஓட்டு நான் போட்டதுங்க."

அண்ணன் சிரித்தபடியேதான் இருந்தார். விஷயம் காதிலிருந்து மனசுக்குப் போக நேரம் பிடித்தது.

"என்னது?"

"கொள்ளுத்தானுங்க போட்டேன். ஒவ்வொரு தடவையும். கம்பெனி, ஷிப்ட்டுன்னு அத்தனை வருசம் ஓடினீங்க. ரிட்டையர் ஆனாத்தான் ஊட்டுல இருப்பீங்க, ஒரு வாய் காப்பியைச் சேந்து உக்காந்து குடிக்கலாம்னு காத்துட்டு இருந்தேன். தலைவராயிட்டா மறுபடியும் கண்ணுல படமாட்டீங்க. அதான் போட்டேன். கேக்கறீங்களா? இனி தேர்தல் வந்தாலும் அதையேதான் போடுவேன்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். பத்து நாளாகத் தலையணையிலிருந்து தலை தூக்காதவர்.

"கூட இருந்தே குழி பறிச்சியா? என்ற ஊட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா? ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு வந்து நிக்கறப்ப 'பரவால்ல விடுங்க'ன்னு பாயசம் வெச்சுக் குடுத்தியே, அது இதுக்குத்தானா? துரோகி! யோவ் தெய்வசிகாமணி, உனக்கும் இது தெரியுமாய்யா?"

'ங்க' போய்விட்டது. அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் ஒரு திட்டு வந்து அன்றுதான் கேட்டேன். தெய்வசிகாமணி திட்டு வாங்கிக்கொண்டே ஆனந்தக் கண்ணீர் விட்டார். "தெரியாதுங்க, சத்தியமா தெரியாதுங்க, இன்னுங்கொஞ்சம் திட்டுங்க!"

முப்பத்திரண்டு. முப்பத்தேழு. அண்ணன் ஒவ்வொரு தேர்தலாகப் பிரித்து எடுத்துக் கத்தினார். எந்த வருஷம் என்ன பாயசம் என்பது வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தார். நர்ஸுகள் ஓடிவந்தார்கள். டாக்டர் கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டார்.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"யோவ்! வாயை மூடுய்யா! வந்த நாள்லருந்து கத்திட்டே கெடக்கறே! இங்க மனுசன் நிம்மதியாச் சாகறதா வேண்டாமா?"

எல்லாரும் திரும்பினோம். அமல்தாஸ் மாஸ்டர். முகம் சிவந்து, எச்சில் தெறிக்க, தலையணையைத் தூக்கி எறியப் போகிறவர் மாதிரி கையை ஓங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையணை நிஜமாகவே பறந்து வந்து தெய்வசிகாமணி மேல் விழுந்தது. ஸ்டெல்லா டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு அவர் திரையைப் பார்த்தார். முப்பத்தொன்பது.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்று அந்தம்மா அழுதார். "என்னையும் சேத்துத் திட்டுங்க. அந்தச் சக்கரை சாம்பாரைப் பத்திச் சொல்லுங்க."

"கேவலமா இருந்துச்சுடி!" என்றார் மாஸ்டர்.

வண்டி வந்து சேர்ந்தபோது அண்ணன் மார்க் நாற்பத்தொன்று. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் அக்காவைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டே போனார். கதவு மூடியது. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையா சிரிப்பா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து அமல்தாஸ் மாஸ்டருக்கும் ஒரு ஈரல் பொருந்தி வந்தது. இப்போது வீட்டில் சாப்பாட்டில் தினமும் குறை சொல்கிறாராம். ஸ்டெல்லா டீச்சர் ஃபோன் பண்ணிப் பெருமையடித்துக்கொள்கிறார்.

அண்ணன் தேறி வந்தார். வந்தவர் அக்காவோடு பேசவில்லை. ரசம் வேண்டுமென்றால் எனக்கு ஃபோன் போட்டு, "உங்க அக்காகிட்டச் சொல்லுங்கம்மிணி" என்பார். நான் என் வாசலிலிருந்து கத்த, எதிர் வீட்டில் அக்கா ஊற்றுவார். மேல்கையில் வீட்டு மீட்டர் ஒன்றை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். புது ஈரல் ஒட்டுகிறதா என்று பார்க்கவாம். அதுவும் நன்றாகவே காட்டியது. எழுபது, எழுபத்திரண்டு.

குடியரசு தினம் வந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, குடம் வைத்தோம். அக்கா எல்லார் முன்னாலும் துவரையை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் குடத்துக்குள் கைவிட்டார். தெய்வசிகாமணிகூட, "நான் எனக்கே போட மனசில்லீங்க" என்று முனகினார். ஆனால் வழக்கத்தை மாற்றக் கூடாது என்று அவரைப் பிடித்துக் குடத்துப் பக்கம் தள்ளிவிட்டோம். கணக்குப்படி அண்ணன் ஒரு ஓட்டில் ஜெயிக்க வேண்டும்.

குடத்தைக் கவிழ்த்து எண்ணினார்கள். அண்ணன் ஒரு ஓட்டில் தோற்றுவிட்டார்.

அக்கா ஓடிவந்து உள்ளங்கையைத் திறந்து காட்டினார். மிச்சமிருந்த கொள்ளு. "இதோ பாருங்க! துவரைதான் போட்டேன்! மருதமலை முருகன் சத்தியமா!"

"ஊட்டுல கொள்ளுக்கா பஞ்சம்?" என்றார் அண்ணன்.

அவர் அக்காவோடு நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்கு அக்கா ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, மாடிப்படி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். பிஸ்தா பச்சைச் சுவரெல்லாம் எதிரொலித்தது.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. யார் மாறினார்கள்? வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை கேட்டேன், தயிருக்கு உறை கேட்டேன், ஒருவர் கண்ணிலும் கள்ளம் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் லிஃப்ட்டில் அண்ணனும் நானும் மட்டும். மாத்திரை போடும் நேரம் என்று சட்டைப்பையில் கைவிட்டு அட்டையை எடுத்தார். கூடவே ஏதோ உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

துவரை.

போட்டது போக மிச்சம் கையில் இருப்பது துவரை என்றால், குடத்துக்குள் போனது கொள்ளு. லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்தது. நான் இறங்கவில்லை.

"அண்ணா..."

"ஜெயிச்சுட்டா அப்பறம் நான் யார்கூடம்மிணி சண்டை போடறது?" என்றார். மேல்கையைத் தடவிக்கொண்டார். "தெய்வசிகாமணி நல்ல மனுசன். தலைவரா இல்லீன்னா அவர்கிட்ட ஒரு குத்தமும் சொல்ல முடியாது. சாந்தா மேலயும் இனி எனக்கு வருத்தமில்லை. ஆனா அதைச் சொல்லீட்டா சமாதானமாயிரும். உங்க வாயை மட்டும் கொஞ்சம்..."

துவரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லிஃப்ட்டைவிட்டு இறங்கி, என் வீட்டு வாசலில் கிடந்த செருப்பைக் கோணலாக இருக்கிறது என்று திட்டிவிட்டுப் போனார்.

சாந்தாமணி அக்கா இன்றுவரை முருகன்மேல் சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறார். தினமும் என்னிடம் வந்து, "எந்தப் பாவி போட்டான் வனஜா, உனக்குத் தெரியாமயா இருக்கும்?" என்கிறார். நாக்கு நுனி வரை வருகிறது. காப்பியோடு சேர்த்து விழுங்கிவிடுகிறேன். போன வாரம் அண்ணன் மார்க் எழுபத்தெட்டு. ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் பாருங்கள், எங்கள் பிளாக்கில் ஒரு ஈ காக்காயிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

நீங்கள் எங்கள் பிளாக் இல்லையே.